பதினேழு கிலோ அங்காளம்மாள்

“இன்னா யம்மா, ஒரு சுத்து எளச்சிட்டியே! கொறஞ்சது கொழுப்பா, சதையா?”

சேலையூர் கேம்ப் ரோட்டுக்கு உள்ளே தள்ளியிருக்கும் காலனித் தெருக்களில் அங்காளம்மாள் வியாபாரத்தை இப்படித்தான் ஆரம்பிப்பாள். மீன் விலையெல்லாம் அப்புறம்தான். இளைத்ததற்குப் பாராட்டு கிடைக்கும் என்று நினைத்து வந்த டீச்சரம்மா திருதிருவென்று விழிப்பார். “தெரியலல்ல? கொழுப்பு கொறஞ்சா ஷோக்கு. சதை கொறஞ்சா ஒடம்பு போச்சினு அர்த்தம். உன் வூட்டுத் தராசு ரெண்டயும் ஒண்ணாதான் காட்டும். கிளினிக்குல ஒரு மிசினு கீது, அதான் பிரிச்சிக் காட்டும்.” இவ்வளவையும் சொல்லிவிட்டு, கூடையை மூடியிருக்கும் ஈரச் சாக்கை விலக்கி, “சங்கரா போடட்டா?” என்பாள். டீச்சரம்மா அரைக் கிலோ கேட்க வந்து ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போவார்.

அவளுக்கு வயது ஐம்பத்தெட்டா அறுபதா என்பதில் ஆதார் அட்டைக்கும் அவளுக்கும் இன்னும் உடன்பாடு வரவில்லை. குள்ளமான உருவம். நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம். புருஷன் போன பிறகு அதை அழிக்கச் சொன்ன சொந்தக்காரிகளிடம், “இது இன்னா அவரு வெச்சி வுட்டதா? எங்கம்மா வெச்சி வுட்டது” என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறந்த ஊர் கோவளம் குப்பம். பிள்ளை வாடகைக்கு வீடு பிடித்த பிறகு சேலையூர்வாசி. மீன் மட்டும் இன்னமும் கோவளத்திலிருந்துதான் வருகிறது. சித்தப்பா மகன் பொன்னுசாமி தன் குட்டி யானை வண்டியில் ஐஸ் பெட்டிகளோடு விடியும்போது வந்து இறக்கிவிட்டுப் போகிறார்.

மீனை வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்த்தால் அவளுக்குப் பிடிக்காது. அவளே மீனின் முதுகைப் பெருவிரலால் அமுக்கிக் காட்டுவாள். அமுங்கின சதை உடனே மேலே எழும்பிக்கொள்ளும். “குழி வுழுந்துதா? வுழுந்துதுன்னா சொல்லு, அப்படியே எடுத்துகினு போயிடறேன்.” யாரும் எதுவும் சொல்வதில்லை. சொன்னால் தெரு முனை வரைக்கும் கேட்கும்படி அவள் பதில் சொல்வாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்பேர்ப்பட்ட பொம்பளை, மூன்று மாதமாக இந்தத் தெருக்களில் திருட்டுத்தனமாக மீன் விற்றாள். அது அவள் பிள்ளை மதியழகனுக்குத் தெரியாது.

ஆனி மாதத்தில் அவளுக்கு நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து எழுந்ததில் உயிர் திரும்பியது, தொடை திரும்பவில்லை. தாம்பரம் பேருந்து நிலையத்தில் பஸ் படியில் ஒரு காலை வைத்தாள். மறு கால் தரையை விட்டுக் கிளம்ப மாட்டேன் என்றது. பின்னால் நின்ற கூட்டம் “ஏறும்மா, ஏறு” என்று கத்த, கண்டக்டர் கையைப் பிடித்து மூட்டை மாதிரி உள்ளே இழுத்துப்போட்டார். பஸ்ஸில் ஏறினால் யாரோடாவது வம்பு வளர்க்காமல் இறங்காதவள், அன்றைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மதியழகன் ஒரே பிள்ளை. கேளம்பாக்கம் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ராத்திரி ஷிப்டில் ஆள் ஏற்றி இறக்குகிற கார் ஓட்டுகிறான். மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்தாள். “கூடைய தூக்கினது போதும்மா. புள்ள பொறக்கப்போவுது. வூட்ல குந்தி அத்த பாத்துக்கோ” என்றான். அன்பாகத்தான் சொன்னான். பேரப்பிள்ளை மேல் அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் காலையில் தெருவுக்குள் நுழைந்ததும் மூன்றாவது மாடியிலிருந்து “அங்காளம்மா, நில்லு நில்லு!” என்று ஒருத்தி கத்துவாளே, அந்தச் சத்தம் இல்லாமல் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், தான் இருப்பதே தனக்கு மறந்துபோகும் என்று பயந்தாள்.

அவனே அவளைக் கேம்ப் ரோட்டு கிளினிக்குக்கு அழைத்துப் போனான். டாக்டர் ஹரிபிரசாத் பார்த்துவிட்டு, சதை எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளக்கச் சொன்னார். அளக்கிறவள் யூனிஸ், அங்கே பிசியோதெரபிஸ்ட். ஆள் உயரத்துக்கு ஒரு மெஷின், அடியில் பாதம் வைக்க இரண்டு தகடு, பக்கத்துக்கு ஒன்றாகக் கைப்பிடி.

“செருப்பில்லாம ஏறி நில்லுங்கம்மா. லேசா கரண்ட் போகும்.”

“கரண்டா? ஆள வுடு தாயி!”

“போறதே தெரியாதும்மா. டார்ச் லைட்டைவிடக் கம்மி. சதையில தண்ணி அதிகம், அதுல கரண்ட் சுலபமா ஓடிடும். கொழுப்புல தடைபடும். எங்க எவ்வளவு தடைபடுதுன்னு பார்த்து, உடம்புல சதை எவ்வளவுன்னு மெஷினே கணக்குப் போட்டுடும்.”

இடுப்பில் சாவிக்கொத்தும், சில்லறை நிறைந்த சுருக்குப் பையுமாக ஏறப் போனவளை யூனிஸ் தடுத்து, எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொன்னாள். “சரிதான். தட்டுல கல்ல வெச்சிகினு நிறுக்கிற ஆளு நானு இல்ல” என்று அவள் அவிழ்த்து வைத்தாள்.

மொத்த எடை நாற்பத்தொன்பது. அதில் சதை பதினாலரைதான். “மீதி?” என்று கேட்டாள். எலும்பு, கொழுப்பு, குடல், ரத்தம் என்று டாக்டர் அடுக்கினார். “புரிஞ்சிபோச்சி. ரெண்டு கிலோ சங்கரா வாங்கினு போயி ஆய்ஞ்சா தலை, செதிலு, குடலு போவ சட்டில வுழறது கொஞ்சந்தான். என்னிய ஆய்ஞ்சா பதினாலரை தேறுது. அதான?” டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். மற்ற நோயாளிகளுக்கும் இப்போது அவர் சங்கரா மீனை வைத்துத்தான் விளக்குகிறார் என்று கேள்வி.

பேரம் அங்கேயே நடந்தது. “பதினேழு வரட்டும்மா, கூடையைப் பத்திப் பேசலாம்” என்றார் டாக்டர். மதியழகன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். “ஐப்பசி வரிக்கும் டைமு. பதினேழு வந்தா நானு வாயத் தொறக்க மாட்டேன். வரலைன்னா அந்த அலுமினியக் கூடைய பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடுவேன். அப்பால பேஜாரு பண்ணக் கூடாது.”

“மிசினு சொல்றதுதான் பேச்சு. நானும் மாற மாட்டேன், நீயும் மாறாத” என்று அவள் அவன் கையில் ஓங்கி அடித்தாள்.

யூனிஸ் உடற்பயிற்சி கற்றுக்கொடுத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழ வேண்டும். முட்டை, பருப்பு, மீன் நன்றாகச் சாப்பிட வேண்டும். தண்ணீர் பாட்டிலை இரண்டு கையிலும் தூக்க வேண்டும், வாரா வாரம் கனத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். முதல் வாரம் பாட்டிலைத் தூக்கிவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவள் போல அங்காளம்மாள் கேட்டாள்.

“ஏங்கண்ணு, பாட்டிலுதான் தூக்கணுமா? வேற எதுனா தூக்கலாமா?”

“எதுவா இருந்தா என்னம்மா? வெயிட் வெயிட்டுதான். முதுகு நேரா இருக்கணும், மூச்சு வாங்கினா உடனே இறக்கிடணும். அவ்வளவுதான்.”

போதாதா? மீனும் வெயிட்டுதானே! மறுநாளே பொன்னுசாமிக்குப் போன் பறந்தது.

மதியழகன் ஷிப்ட் முடிந்து வீடு வர மணி பத்தாகும். அதற்குள் அவள் ஆட்டத்தை முடித்துக்கொள்வாள். நடைப்பயிற்சிக்கு என்று அவன் ஆசையாக வாங்கித் தந்த ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்புவாள். கிளினிக்குக்கு எதிரே இளநீர்க் கடை போட்டிருக்கும் ஏசுபாதத்திடம் ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பொன்னுசாமி விடியலில் மீன் இறக்கிவிட்டுப் போன கூடையை அவர் கடைக்குப் பின்னாலிருந்து வாங்கிக்கொள்வாள். விற்று முடித்ததும் எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவி, மறுபடி ஷூ மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வீடு திரும்புவாள். “இன்னிக்கி நல்லா நடந்தேண்டா.” அது பொய் இல்லை பாருங்கள்.

முதலில் கூடையின் அடியை மறைக்கிற அளவுக்குத்தான் கிழங்கான் மீன். பிறகு கொஞ்சம் சங்கரா. நடுவில் புரட்டாசி வந்து, பாதித் தெரு பெருமாளுக்காக வாயைக் கட்டிக்கொண்டதில் வியாபாரம் படுத்துவிட்டது. மற்ற வருஷமாக இருந்தால் புலம்பித் தீர்த்திருப்பாள். இந்த வருஷம் லேசான கூடை அவள் உடம்புக்குத் தோதாக இருந்தது. நடுவில் ஒரு முறை அளந்தபோது மெஷின் பதினாறு புள்ளி நாலு காட்டியது. “முட்டை நல்லா வேலை செய்யுதும்மா” என்று மதியழகன் பூரித்துப்போய் இன்னும் இரண்டு டஜன் வாங்கி வந்தான்.

கடைசி அளவுக்குக் குறித்த நாள் ஐப்பசியின் முதல் ஞாயிறு. மீன் விற்கிறவளுக்கு இதைவிட மோசமான நாள் இருக்க முடியாது. ஒரு மாதம் நாக்கைக் கட்டிப்போட்ட ஜனம் அன்றைக்கு மீனுக்கு அலையும். வெறும் வயிற்றோடு வர வேண்டும், நன்றாக ஓய்வெடுத்துவிட்டு வர வேண்டும் என்று யூனிஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வெறும் வயிறு சரி. ஓய்வா? பொன்னுசாமி பெட்டி பெட்டியாக இறக்கினார். வஞ்சிரம், சங்கரா, கொடுவா. ஒரே ஒரு தெரு என்று ஆரம்பித்தவள் மூன்று தெரு போனாள். ஐஸுக்குள் கையை விட்டு விட்டு எடுத்ததில் விரல் மரத்துப்போனதுகூட உறைக்கவில்லை. மணி பார்த்தபோது தூக்கிவாரிப்போட்டது. பாதிக் கூடை மீனை ஏசுபாதத்தின் தார்ப்பாய்க்குக் கீழே தள்ளிவிட்டு, அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு கிளினிக்குக்குள் ஓடினாள். மதியழகன் ஷிப்டிலிருந்து நேராக அங்கே வந்து உட்கார்ந்திருந்தான்.

அவள் மெஷினில் ஏறி நின்றாள். கைப்பிடியைப் பிடித்தாள். குலதெய்வத்தைக் கூப்பிட்டாள். திரையில் எண் வந்து நின்றது.

பதினாறு புள்ளி ஒன்று. போன தடவையைவிடக் கீழே.

கால் கிலோவுக்காகத் தெருவையே இரண்டாக்குகிறவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. பேச்சு பேச்சுதான், கையில் அடித்துச் சொன்னது. மதியழகனுக்கும் ஜெயித்த சந்தோஷம் இல்லை. அம்மாவின் தோளைத் தொட்டு, “வுடும்மா. முடிஞ்ச வரிக்கும் பண்ண. வா, வூட்டுக்குப் போலாம்” என்றான்.

யூனிஸ் மட்டும் திரையை விட்டு நகரவில்லை. அந்த மெஷின் கை வேறு, கால் வேறு என்று பிரித்துக் காட்டும். கால் இரண்டிலும் சதை நன்றாக ஏறியிருந்தது. கை இரண்டிலும் இறங்கியிருந்தது. “கால் ஏறி, கை மட்டும் எப்படி இறங்கும்?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவள், திரும்பி, “கையைக் குடுங்கம்மா” என்று வாங்கித் தொட்டுப் பார்த்தாள். தொட்ட கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

“என்னம்மா இது, இப்படி ஜில்லுனு இருக்கு! தோல் இவ்வளவு குளிர்ந்திருந்தா கரண்ட் சரியாப் போகாது. இருக்கிற சதையையே மெஷின் கம்மியாக் காட்டும். கையை எதுல வச்சிருந்தீங்க?”

அங்காளம்மாள் யூனிஸைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் மூன்று மாதத்துக் குட்டு உடையும். சொல்லாவிட்டால் பதினாறு புள்ளி ஒன்றுதான் நிற்கும், கூடை பேரீச்சம்பழத்துக்குப் போகும்.

“ஐஸ்ல” என்றாள். “காலைலேர்ந்து மீன் வித்துகினு இருந்தேன். இன்னிக்கி மட்டும் இல்ல. ஆடி மாசத்துலேர்ந்து.”

கிளினிக்கே அதிர்ந்தது. “அறிவு கீதா உனக்கு?” என்று மதியழகன் எகிறினான். “வாக்கிங்கு வாக்கிங்குன்னு என்னிய டபாய்ச்சியா? ஷூ வாங்கிக் குடுத்தேனே!”

“சண்டையை அப்புறம் போடுங்கண்ணா. முதல்ல கை சூடாகணும்” என்று யூனிஸ் அவளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். பேசினில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுவந்து கையை அதில் வைத்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் இருக்கச் சொன்னாள். அங்காளம்மாள் அரை மணி நேரம் அசையாமல் இருந்தது அவள் ஜாதகத்திலேயே கிடையாது.

அவன் திட்டிக்கொண்டே இருந்தான். திட்டத் திட்டக் குரல் இறங்கியது. “அன்னிக்கி ஆஸ்பத்திரில நீ மூச்சுக்குத் தவிச்சிகினு கெடந்த. என்னிய உள்ள வுடல. வெளிய நின்னுகினு இன்னா நெனச்சேன் தெரியுமா? செத்துப் பொழச்சி வந்தவம்மா நீ.” சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவளுக்கும் கண் நிறைந்தது. கையை எடுக்கக் கூடாது என்பதால் தோளிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தெரியும் நைனா. பொழச்சி வந்தவள பொழைக்க வுடுன்றேன். வேற இன்னா கேக்கறேன்?”

யூனிஸ் வந்து கையைத் தொட்டுப் பார்த்தாள். துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். “இப்ப ஏறுங்க.”

இந்தத் தடவை அங்காளம்மாள் திரையைப் பார்க்கவில்லை, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பக்கத்தில் மதியழகன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“பதினேழு புள்ளி ஒண்ணு!” என்று கத்தினவள் யூனிஸ்தான்.

சத்தம் கேட்டு டாக்டர் எழுந்து வந்தார். அவர் சும்மா நம்புகிற ஆள் இல்லை. காலில் நீர் கோத்திருந்தாலும் அதையும் மெஷின் சதையாகக் காட்டிவிடும் என்று சொல்லிவிட்டு, குனிந்து அவள் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் பெருவிரலால் அழுத்தினார்.

“நல்லா அமுக்கிப் பாருங்க டாக்டரே” என்றாள் அங்காளம்மாள். போன குரல் முழுசாகத் திரும்பிவிட்டது. “குழி வுழாது. இன்னிக்கி வந்த மீனு!”

குழி விழவில்லை. நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழச் சொன்னார். அவர் போதும் போதும் என்கிற வரைக்கும் எழுந்தாள். பிடியின் பலத்தை அளக்கிற ஒரு கருவியை உள்ளங்கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திய அழுத்தலில் முள் பாய்ந்ததைப் பார்த்து டாக்டர் புருவத்தை உயர்த்தினார். “அளவா தூக்குங்க. நடுவுல உட்கார்ந்து உட்கார்ந்து போங்க. பொங்கல் கழிச்சு மறுபடி வந்து பார்க்கணும்” என்றார். அவ்வளவுக்கும் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே வெளியே வந்து, வரிசையில் காத்திருந்த யாரோ ஒரு பெரியவரிடம், “ஏறி நின்னு பாரு ஐயா, பயப்படாத. கைய மட்டும் சூடா வெச்சிக்க” என்று ஆலோசனை வேறு சொன்னாள்.

மதியழகன் பின்னாலேயே இறங்கி வந்தான். எதிரே ஏசுபாதம் தார்ப்பாயை விலக்கிக் கூடையை வெளியே இழுத்து வைத்திருந்தார். ஐஸ் உருகி ஓடினாலும் மீன் கண்ணாடி மாதிரி இருந்தது. பக்கத்து மாடியிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்து, “அங்காளம்மா! எங்க போய்த் தொலைஞ்ச? எனக்குச் சங்கரா இருக்கா இல்லையா?” என்று கத்தினாள்.

“கீது, கீது! இதோ வந்துகினே கீறேன்!”

அவள் பழைய துணியைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்துக்கொண்டாள். பாதி மீன் இருந்தாலும் அந்தக் கூடையை ஒருத்தியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. எதிரே ஓர் ஆள் நின்று கை கொடுக்க வேண்டும். மூன்று மாதமாக அது ஏசுபாதத்தின் வேலை. அன்றைக்கும் அவர் இளநீர் வெட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

மதியழகன் அவரைக் கையால் தடுத்தான். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டு, கூடையின் மறுபக்கம் குனிந்தான்.